காகிதப் பட்டாம்பூச்சி எங்கே சிக்கிக்கொண்டது? கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் காகிதத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வீடு. கப்பல், தவளை, கொக்கு என்று மடித்துப் பழகிய பிள்ளைகள்கூடப் பட்டாம்பூச்சியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். மொத்தமே பத்துப் பன்னிரண்டு மடிப்புதான். ஆனாலும் "அத்தை, எனக்கு மட்டும் வரமாட்டேங்குது" என்ற குரல் கேட்காத சனிக்கிழமை கிடையாது.

அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது இது: காகிதம் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறதோ, தவறு அங்கே நடந்திருக்காது. ஒன்றிரண்டு மடிப்புக்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். கோணிய சிறகைப் பிடித்து எவ்வளவு நீவினாலும் நேராகாது. சதுரத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். ஆகவே கையில் என்ன கோளாறு தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கி, அதன் வேருக்குப் போகும்படி எழுதியிருக்கிறேன்.

முதலில் மடிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும் பெயர்களும் நீங்கள் நினைக்கும் இடங்களும் ஒன்றாக இருக்க வேண்டும்.

15 செ.மீ. சதுரத் தாள். வெள்ளைப் பக்கம் மேலே தெரிய வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்துப் பிரியுங்கள். தாளைத் திருப்பி, வண்ணப் பக்கம் மேலே தெரிய, சரிபாதியாக ஒரு குறுக்கு மடிப்பு போட்டுப் பிரியுங்கள். மறுபடி வெள்ளைப் பக்கத்துக்குத் திருப்பி, அந்தக் குறுக்கு மடிப்பின் இரண்டு நுனிகளையும் உள்ளே தள்ளினால் தாள் முக்கோணக் கூடாரமாகக் குவியும். கூடாரத்தின் கூர்முனையை உச்சி என்கிறேன். எதிரே இருக்கும் நீள விளிம்பு அடி. அடியின் இரு மூலைகளிலும் முன்னும் பின்னுமாகத் தொங்கும் நான்கு மடல்கள் காதுகள். முன்பக்கக் காதுகள் இரண்டையும் உச்சியைத் தொடும்படி மடியுங்கள். தாளைத் திருப்பிப் போட்டு, உச்சி உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். உச்சியைத் தூக்கி, அடி விளிம்பைத் தாண்டி சற்று வெளியே நீட்டும்படி மடியுங்கள். நீட்டிய நுனியை விளிம்புக்கு மேலே மறுபக்கம் மடக்கிப் பூட்டுங்கள். கடைசியாக நடுவில் பாதியாக மடித்தால் உடம்பு. அவ்வளவுதான்.

"முக்கோணமாகக் குவியவே மாட்டேங்குது"

மூன்று மடிப்பையும் தாளின் ஒரே பக்கத்திலிருந்து போட்டிருப்பீர்கள். மூலைவிட்டங்கள் ஒரு பக்கம் பார்த்துப் பள்ளமாகவும், குறுக்கு மடிப்பு அதே பக்கம் பார்த்து மேடாகவும் இருந்தால்தான் தாள் தானாகக் குவியும். மூன்றும் பள்ளமாக இருந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் அழுத்த அழுத்தப் புதுச் சுருக்கங்கள்தான் விழும்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பிரித்த தாளை மேசையில் வைத்து, மூன்று மடிப்பும் சந்திக்கும் நட்டநடுப் புள்ளியை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். சரியாக மடித்திருந்தால் அந்தப் புள்ளி டப்பென்று உள்வாங்கும். நான்கு மூலைகளும் லேசாக எழும்பும். அசையாமல் கிடந்தால் குறுக்கு மடிப்பை மட்டும் எதிர்ப்பக்கம் மடித்து, நகத்தால் ஒரு முறை தேய்த்துவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். புதுத் தாள் எடுக்கத் தேவையில்லை.

"பட்டாம்பூச்சி வெள்ளையா வந்துருச்சு"

குவிக்கும்போது வண்ணப் பக்கம் உள்ளே போய்விட்டது. கூடாரமாக இருக்கும்வரை பிரித்துத் திருப்பிவிடலாம். உச்சியை மடித்த பிறகு கண்டுபிடித்தால் விட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பதே நல்லது. எதிர்த்திசையில் மடித்த மடிப்பு கடைசிவரை தொளதொளவென்றுதான் இருக்கும்.

சிறகில் படம் வரைய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இதே இடத்தில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். தாள் முழுக்கப் புள்ளி வைத்து, கோடு போட்டு மடித்து முடித்துப் பார்த்தால் புள்ளியில் பாதி முதுகுப் பக்கம் போயிருக்கும். மூலைவிட்டங்கள் தாளை நான்கு முக்கோணங்களாகப் பிரிக்கின்றன அல்லவா? அவற்றில் உள்ளே தள்ளப்படும் இடது, வலது முக்கோணங்கள் இரண்டும்தான் கடைசியில் சிறகாக முன்னால் தெரிகின்றன. குறுக்கு மடிப்புக்கு ஒரு பக்கம் மேல்சிறகு, மறுபக்கம் கீழ்ச்சிறகு. ஆகவே மூன்று மடிப்பையும் போட்டுப் பிரித்த பிறகு, அந்த இரண்டு முக்கோணங்களின் வண்ணப் பக்கத்தில் மட்டும் வரைந்தால் போதும்.

என்ன வரைவது என்று கேட்டால், வேலியோரத்து எருக்கஞ்செடியைப் போய்ப் பாருங்கள் என்பேன். ஆரஞ்சுச் சிறகில் கறுப்பு ஓரம், நுனியில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு பட்டாம்பூச்சி அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்வது. ஆரஞ்சுத் தாள் இருந்தால் 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனையும் செய்து பார்க்கலாம். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். நம் கடற்கரைக்கு வருவதில்லை.

"ஒரு சிறகு பெருசு, ஒரு சிறகு சின்னது"

பத்தில் எட்டு முறை சதுரம் சதுரமாக இல்லை. கடையில் சதுரம் என்று விற்கும் வண்ணத்தாளிலும் ஒரு பக்கம் இரண்டு மி.மீ. கூடுதலாக இருப்பதுண்டு. ஒரு மூலைவிட்டத்தை மடித்துப் பாருங்கள்: இரண்டு விளிம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பிறகு மற்ற மூலைவிட்டத்தையும் அதேபோல் பாருங்கள். ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாமல் போகலாம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நம்பக் கூடாது. மீதி நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரித்துவிடுங்கள்.

ஏ4 தாள் 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. ஒரு மூலையை எதிர் விளிம்போடு சேர்த்து மடித்து, 8.7 செ.மீ. பட்டையை வெட்டி எடுத்துவிட்டால் 21 செ.மீ. சதுரம் கிடைக்கும். முதல்முறை மடிப்பவர்களுக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். பெரிய தாளில் இரண்டு மி.மீ. பிசகு தெரியாது. தினசரி காலண்டர் தாளில் அதே பிசகு சிறகையே கோணலாக்கிவிடும். நோட்டுத் தாளைக் கிழித்து எடுத்தால் கம்பி போட்ட பக்கம் நேராக இருக்காது. அதை முதலில் வெட்டிவிட்டுத்தான் சதுரம் அளக்க வேண்டும்.

சதுரம் சரியாக இருந்தும் கோணுகிறது என்றால் காதுகளைப் பாருங்கள். இரண்டு காதின் நுனியும் உச்சியில் ஒரே புள்ளியில் முட்ட வேண்டும். அவசரத்தில் ஒன்று உச்சியைத் தாண்டியும் இன்னொன்று எட்டாமலும் நின்றிருக்கும்.

"உச்சியை மடிக்கும்போது கிழியுது, பக்கத்துல புடைச்சுக்குது"

இந்த இடத்தில்தான் அழுகை வரும். கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

15 செ.மீ. தாளில் கூடாரத்தின் உயரம் 7.5 செ.மீ. காதுகளை உச்சிக்கு மடித்த கோடுகள், அடியின் நடுவில் தொடங்கிச் சாய்ந்த பக்கங்களின் சரிபாதியில் போய் முடிகின்றன. அதாவது 3.75 செ.மீ. உயரத்தில். உச்சியை அடி விளிம்பு வரைக்கும் மட்டும் மடித்தால் மடிப்பு சரியாக அதே உயரத்தில் விழும். எங்கேயும் இழுக்காது, புடைக்காது. ஆனால் பூட்டுவதற்கு நுனி கிடைக்காது. நுனி 6 மி.மீ. வெளியே வர வேண்டுமென்றால் மடிப்பு 3 மி.மீ. அடியை நோக்கி நகர வேண்டும். அந்த 3 மி.மீ.தான் காது மடிப்பின் முனையில் போய் இடிக்கிறது. புடைப்பு, இழுப்பு, கிழிசல் எல்லாம் அங்கிருந்து வருபவை. தவறு செய்ததால் அது புடைக்கவில்லை. அந்த இடம் புடைத்தே ஆகும்.

ஆகவே உச்சியைத் தூக்கி மடித்ததும் விரலை ஓரம்வரை இழுத்துத் தேய்க்காதீர்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அழுத்துங்கள். ஓரங்கள் எழும்பி நிற்கட்டும். நுனியை மறுபக்கம் மடக்கிப் பூட்டிய பிறகு, அந்தப் புடைப்பைச் சின்ன முக்கோணமாக அதுவாகவே படியவிட்டு லேசாக அமுக்கினால் போதும்.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் ஒரு மீனவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் பையனைக் கூட்டிப்போக வந்தவர், அவன் கையில் தாள் கிழிவதைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். பகலெல்லாம் வலையின் கிழிசலைச் சரிபார்த்த கை. தாளை வாங்கி இரண்டு முறை மடித்துப் பிரித்துப் பார்த்தார். "இறுகுற எடத்துல அமுக்காதப்பா. அதுக்குக் கொஞ்சம் எடம் விடு. நடுவுல மட்டும் புடி" என்றார். அதுவரை நான் பிள்ளைகளிடம் "மெதுவா மடி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாக மடித்தாலும் தவறான இடத்தில் அழுத்தினால் கிழியத்தான் செய்யும். எங்கே அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

நுனி எவ்வளவு நீட்ட வேண்டும்? 15 செ.மீ. தாளுக்கு அரை செ.மீ.யிலிருந்து முக்கால் செ.மீ. அதற்குக் குறைந்தால் பூட்டு நழுவும். ஒரு செ.மீ.யைத் தாண்டினால் இழுப்பு கூடி மேல்சிறகு மடங்கிப்போகும். ஒரு நன்மையும் இந்த இழுப்பால் உண்டு: கீழ்ச்சிறகு இரண்டையும் வெளிப்பக்கமாக விலக்கி நடுவில் ஒரு பிளவு ஏற்படுத்துவது இதுதான். பிளவே இல்லாமல் கீழ்ச்சிறகுகள் ஒட்டி நின்றால் நுனியை இன்னும் ஒரு நூல் கூட்டிப் பாருங்கள்.

"கீழ்ச்சிறகையே காணோம்"

உச்சியைத் தூக்கும்போது காது நுனிகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டீர்கள். தாளைத் திருப்பிப் போட்டிருப்பதால் காதுகள் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இருக்கும். விரல் அவற்றையும் சேர்த்துக் கவ்விவிடும். இடது கையின் நடுவிரலைத் தாளுக்கு அடியில் கொடுத்து இரண்டு காதையும் கீழ்நோக்கியே நிற்கும்படி பிடித்துக்கொண்டு, வலது கையால் உச்சியை மட்டும் தூக்குங்கள்.

"மடிச்சு வச்சா நிக்க மாட்டேங்குது, தானா விரியுது"

மடிப்பில் எந்தத் தவறும் இல்லாமலேயே இது நடக்கும். அதுவும் நம் பக்கத்தில் வருஷத்தில் பாதி நாள் நடக்கும். மதுரையில் இருக்கும் என் தங்கை வீட்டில் விறைப்பாக நிற்கும் அதே கட்டுத் தாள் இங்கே வந்த மறுநாளே துவண்டுவிடுகிறது.

காகிதம் என்பது மரக்கூழின் நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு பாய். காற்றில் ஈரம் கூடினால் நார்கள் அதை உறிஞ்சி உப்பும். நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள பிடி தளரும். கடலோரத்தில் இன்னொன்றும் சேர்கிறது. காற்றோடு வரும் உப்பு ஜன்னல் கம்பியில் படிகிற மாதிரி தாளிலும் படியும். அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழையும் சேர்ந்துவிட்டால் தாளை மடிக்கும்போது சரக்கென்ற சத்தமே வராது. அந்தச் சத்தம்தான் என் சோதனை. தாளின் ஒரு மூலையைச் சுண்டிப் பாருங்கள். சத்தம் கூர்மையாக வந்தால் மடிக்கலாம். துணியைச் சுண்டியதுபோல் மொத்தென்று வந்தால் அன்றைக்கு அந்தத் தாள் வேண்டாம்.

நான் செய்வது இது. தாள்களைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைப்பதே இல்லை. இறுக்கமான மூடி போட்ட பிஸ்கட் டின்னில், துணியில் முடிந்த ஒரு கை வறுத்த அரிசியோடு வைக்கிறேன். உப்பு ஜாடியில் அரிசி போடுகிற அதே பழக்கம்தான். அரிசியை மாதம் ஒருமுறை மறுபடி வறுத்து, ஆறவைத்துப் போட வேண்டும். அவசரமென்றால் தாளின்மேல் ஒரு துணியை விரித்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு தடவை ஓட்டினாலே விறைப்பு திரும்பிவிடும். மெழுகுப் பூச்சு உள்ள பளபளத் தாளை அப்படித் தேய்க்கக் கூடாது.

"பனையோலையைத் தண்ணி தெளிச்சுத்தானே முடையுறாங்க, காகிதத்தை மட்டும் ஏன் காய வைக்கணும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அருமையான கேள்வி. காய்ந்த ஓலை மடித்தால் ஒடிந்துவிடும், அதனால் நனைத்துப் பதமாக்குகிறோம். பெட்டியாக முடைந்து காய்ந்த பிறகு அது தன் வடிவத்தில் இறுகிவிடுகிறது. காகிதத்திலும் அப்படி ஒரு முறை உண்டு. ஜப்பானின் அகிரா யோஷிசாவா (1911–2005) தாளை ஈரமாக்கி மடிக்கும் முறையை உருவாக்கி, விலங்கு, பறவைகளின் உடம்பில் வளைவுகளைக் கொண்டுவந்தவர். ஆனால் அதற்குத் தடித்த, பசைச்சத்துள்ள தாள் வேண்டும். ஈரத்தில் இளகிய பசை காயும்போது வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. செய்தித்தாளிலும் நோட்டுத் தாளிலும் அந்தப் பசைச்சத்து போதாது. ஈரம் பட்டால் துவளும்.

ஓலை என்றதும் இன்னொன்று. ஓலை நீளவாக்கில் மடியும், குறுக்கே ஒடியும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. காகிதத்துக்கும் அப்படி ஒரு வாக்கு உண்டு. ஆலையில் கூழ் ஓடும் திசையில் நார்கள் சாய்ந்து படிகின்றன. செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழியும், மறுபக்கம் கோணலாகப் போகும். நேராகக் கிழிவதுதான் நார் ஓடும் திசை. பட்டாம்பூச்சியின் உடம்பு மடிப்பு அந்தத் திசையில் அமைந்தால் கூர்மையாக விழும். அதற்கு முதல் குறுக்கு மடிப்பை நாருக்குக் குறுக்காகப் போட வேண்டும். சிறகைப் பற்றிக் கவலை வேண்டாம்: ஒவ்வொரு சிறகிலும் இரண்டு அடுக்கு, அவற்றில் ஒன்று மூலைவிட்டத்தில் திரும்பி வந்தது என்பதால் ஒன்றின் நார் மற்றதற்குக் குறுக்காக நிற்கும். பிளைவுட் பலகைக்கு உறுதி தருவது இதே அமைப்புதான். மெல்லிய தாளில்கூடச் சிறகு தாங்கி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

மடிப்பைத் தேய்க்க நகம் போதும், ஆனால் பத்துப் பட்டாம்பூச்சிக்கு மேல் நகம் வலிக்கும். வீட்டில் தாயம் உருட்டும் சோழி இருந்தால் அதன் முதுகால் தேய்த்துப் பாருங்கள். தாளைக் கீறாமல் மடிப்பை அப்படியே படியவைக்கும்.

"பூட்டு கழண்டு கழண்டு வருது"

நுனி நீளம் சரிதானா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால், நுனியை மடக்கியதும் விட்டுவிட்டு உடம்பை மடிக்கப் போயிருப்பீர்கள். மடக்கிய இடத்தைச் சோழியால் இரண்டு முறை தேய்த்து, பெருவிரலால் பிடித்துக்கொண்டே உடம்பைப் பாதியாக மடிக்க வேண்டும். நுனியின் குறுக்காக உடம்பு மடிப்பு ஏறினால்தான் பூட்டு இறுகும்.

பசை வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், தவறில்லை, ஆனால் மைதாப் பசை வேண்டாம். அது தாளை நனைத்துச் சுருங்க வைக்கும், இரவில் கரப்பான் வந்து நுனியைத் தின்றுவிடும். தடித்த தாளில் பூட்டு நிற்கவே நிற்காது என்பதால் கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்பவர்கள் கட்டிப் பசையை ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

"செஞ்சு முடிச்சாச்சு, ஆனா உயிரே இல்ல"

உடம்பை மடித்து அப்படியே விரித்து வைத்தால் அது சப்பையாகக் கிடக்கும். பாதியாக மடித்த நிலையிலேயே, உடம்புக் கோட்டிலிருந்து தலைப்பக்கம் 3 மி.மீ., வால்பக்கம் 5 மி.மீ. விட்டு, மேலே இருக்கும் சிறகைச் சற்றுச் சாய்வாகப் பின்னால் மடியுங்கள். திருப்பி அடுத்த சிறகையும் அதே அளவில். இப்போது நடுவில் ஒரு முகடு எழும்பி உடம்பாகத் தெரியும். இரண்டு சிறகும் மேலே தூக்கி நிற்கும். சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று தலைப்பக்கமிருந்து பாருங்கள், மேலிருந்து பார்த்தால் தெரியாது. மேல்சிறகின் நுனியை ஒரு பேனாவில் சுற்றி லேசாக வளைத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

"தொங்கவிட்டா தலைகீழாத் திரும்புது"

நூலை உடம்பின் நட்டநடுவில் கோத்திருப்பீர்கள். நான்கு சிறகும் சேர்ந்து எங்கே எடை அதிகம் என்பதைக் கண்ணால் கணிக்க முடியாது. ஊசியின் முனையில் உடம்பு முகட்டை வைத்து, எந்தப் புள்ளியில் சாயாமல் நிற்கிறதோ அங்கிருந்து ஒரு நூலளவு தலைப்பக்கம் தள்ளிக் கோத்துவிடுங்கள். தலை சற்றுத் தூக்கி, பறக்கிற மாதிரி நிற்கும். தையல் நூல் முறுக்கு ஏறிப் பட்டாம்பூச்சியைச் சுற்றவைக்கும். கடற்கரையில் அறுந்து கிடக்கும் தங்கூசித் துண்டு (மீன்பிடிக்கும் நைலான் இழை) இருந்தால் அதுவே சிறந்தது. மெல்லியது, முறுக்காது, தூரத்திலிருந்து தெரியவும் தெரியாது. ஆனால் வழுக்கும் என்பதால் ஒற்றை முடிச்சு நிற்காது. உடம்புக்கு அடியில் ஒரு சிறு மணியைக் கோத்து அதன்மேல் இரட்டை முடிச்சுப் போடுங்கள்.

வாசலில் கட்டினால், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் ஒரு பகல்கூடத் தாங்காது. உள் அறையில், மின்விசிறிக்கு எட்டாத மூலையில் கட்டுங்கள்.